கழற்றி மாட்டிய குதிரைகள்

மின்சார வாகனத் துறையில் இன்று அதிகம் அடிபடும் சொல் 'மாடுலர்'. மோட்டார், இன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒரே உறைக்குள் அடக்கிய அச்சு ஒரு பக்கம். பேட்டரியைத் தரையாகவே பரப்பிய ஸ்கேட்போர்டு அடிச்சட்டம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துவிட்டால் மேலே காரை உட்கார வைக்கலாம், வேனையும் உட்கார வைக்கலாம். இந்தக் கதையை 2002 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் டெட்ராய்ட் கண்காட்சியில் காட்டிய 'ஆட்டோனமி' மாதிரி வண்டியிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது நூறாண்டு பிந்திய தொடக்கம். இழுக்கும் பகுதியைத் தனியாகவும் சுமக்கும் பகுதியைத் தனியாகவும் செய்து, நடுவில் ஒரு மூட்டு வைத்து இணைப்பது மின்சார வண்டியோடு கூடவே பிறந்த பழக்கம். அந்தப் பழைய வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கழற்றி மாட்டும் வித்தையைப் பொறியாளர்கள் ஒவ்வொரு முறையும் சாதித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தகராறு வந்தது வேறோர் இடத்தில்: தேய்ந்து தீரும் பாகத்தின் தேய்மானத்தை யார் கணக்கில் எழுதுவது?

முதல் மூட்டை எந்தப் பொறியாளரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. குதிரைக்கும் வண்டிக்கும் இடையே அது ஏற்கெனவே இருந்தது. வண்டி ஒருவருடையது, குதிரை லாயக்காரருடையது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் சாதாரண ஏற்பாடு. தபால் வண்டிகள் வழியில் குதிரை மாற்றிக்கொண்டு ஓடின. களைத்த குதிரைக்குத் தீனி வைப்பது, நொண்டியதற்கு மருந்திடுவது, கிழடானதைக் கழித்துக்கட்டுவது எல்லாம் லாயக்காரரின் தொழில். பயணி கொடுத்த கூலியில் அத்தனைக்கும் பங்கு அடங்கியிருந்தது. பாரிஸில் லூயி கிரீகர் 1890களின் நடுவில் செய்தது இந்த மூட்டில் கைவைத்ததுதான். குதிரை நின்ற இடத்தில், முன்சக்கரங்களும் மின்மோட்டார்களும் சேர்ந்த ஒரு முன்வண்டியைப் பொருத்தினார். பழைய கோச் வண்டி பின்னால் அப்படியே இருந்தது. வியன்னாவின் லோனர் கம்பெனி அரச குடும்பத்துக்கே கோச் வண்டி செய்து கொடுத்த நிறுவனம். அதற்காக இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்து 1900 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட வண்டியில் மோட்டார் முன்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே போய்விட்டது. சங்கிலி இல்லை, பல்சக்கரம் இல்லை. மேலே கட்டும் கூண்டைத் தச்சர் தம் விருப்பப்படி கட்டலாம். வண்டிக் கூண்டு கட்டுபவர்கள் இந்த யோசனையின் பக்கம் நின்றதில் வியப்பில்லை, அவர்கள் கைத்தொழில் பிழைக்க அது ஒரு வழி. லூட்டனைச் சேர்ந்த ஹார்ட் என்ற ஆங்கிலேயர் நான்கு சக்கரத்திலும் மோட்டார் வைத்து ஒன்று கேட்டார், செய்து கொடுத்தார்கள். பேட்டரி மட்டும் 1.8 டன். லாயக்காரர் இருந்த இடம் மட்டும் இந்த அழகான வடிவமைப்புகளில் காலியாகவே இருந்தது. அந்த ஈய பேட்டரிக்குத் தீனி வைப்பதும், கிழடானதைக் கழித்துக்கட்டுவதும் இப்போது வண்டியை வாங்கியவர் தலையில்.

அந்தக் காலியிடத்தை முதலில் கண்டுகொண்டவர்கள் பேட்டரி செய்தவர்கள். பிலடெல்பியாவின் ஹென்றி மாரிஸும் பெட்ரோ சாலமும் 1897-இல் நியூயார்க்கில் பத்துப் பன்னிரண்டு மின்சார வாடகை வண்டிகளை இறக்கினார்கள். அதே ஆண்டில் அந்தத் தொழிலை எலக்ட்ரிக் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனியின் ஐசக் ரைஸ் தம் கைக்குள் கொண்டுவந்து, எலக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி என்று பெயரிட்டார். (நம் ஊர் இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பார்க்கும் எக்சைடு என்ற பெயர் இந்த பேட்டரி கம்பெனி வைத்ததுதான்.) ஈய பேட்டரி எப்படிச் சாகும் என்பது ரைஸின் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்: அளவுக்கு மீறி வடித்தால் சாகும், பாதி சார்ஜில் கிடந்தால் சாகும், கவனிக்க ஆள் இல்லாவிட்டால் விரைவில் சாகும். அதனால் வண்டியை யாருக்கும் விற்காமல், டிரைவரோடு வாடகைக்கு விட்டார்கள். பிராட்வேயில் ஒரு நிலையம் அமைத்தார்கள். வண்டி பின்பக்கமாக மேடைக்கு வந்து நிற்கும். ஹைட்ராலிக் கருவி அதை நேராக நிறுத்தும். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள பேட்டரித் தட்டு வெளியே இழுக்கப்படும், சார்ஜ் ஏறிய இன்னொன்று உள்ளே தள்ளப்படும், கழற்றியதை மேலே ஓடும் கிரேன் தூக்கிக்கொண்டு சார்ஜ் மேடைக்குப் போகும். சில நிமிட வேலை. இன்றைக்குச் சீனக் கார் நிறுவனமான நியோவின் பேட்டரி மாற்று நிலையங்களின் காணொளியைப் பார்த்து வாய்பிளப்பவர்கள், தங்கள் பாட்டனார்களின் காலத்திலேயே அது நடந்துவிட்டது என்பதை அறிந்திருப்பதில்லை. லண்டனில் வால்டர் பெர்சியின் வாடகை வண்டிகளும் அதே 1897 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. அவற்றுக்கும் பேட்டரியை ஹைட்ராலிக் தூக்கிதான் மாற்றியது. அந்த முயற்சி 1899-இல் மூடப்பட்டது.

நியூயார்க் கம்பெனி மூழ்கிய விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு எதிரான வலுவான சாட்சி அதுதான். பேட்டரியும் வண்டியும் ஒரே கையில் இருந்தன, தேய்மானத்துக்குப் பொறுப்பு யார் என்பதில் ஐயமே இல்லை. அப்படியும் 1907-இல் கம்பெனி திவாலானது. ஈய பேட்டரியின் பலவீனமே காரணம் என்பது பாடப்புத்தக விடை. ஆனால் 1899-இல் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். டிராம் கம்பெனிகளில் பணம் குவித்த வில்லியம் விட்னியின் கூட்டம் உள்ளே வந்தது. கோனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் சைக்கிள் அரசராக இருந்த கர்னல் ஆல்பர்ட் போப்பின் வண்டித் தொழிற்பிரிவோடு கைகோத்தது. நியூயார்க்கில் ஒரு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதே என்று பாஸ்டன், பிலடெல்பியா, சிகாகோ என ஒரே மூச்சில் கிளைகள் திறந்து, ஆயிரக்கணக்கில் வண்டி என்ற கணக்கைப் பங்குச் சந்தைக்குக் காட்டினார்கள். பேட்டரியைக் கவனிக்கத் தெரிந்த கைகள் அத்தனை ஊருக்கும் கிடையாது. பங்கு ஏறியதே தவிரப் பராமரிப்பு ஏறவில்லை. நியூயார்க் பத்திரிகைகள் கம்பெனியின் கடன் கணக்கைக் கிளறியபோது பங்கு விழுந்தது. கடைசிக் காலத்தில் அந்தக் கம்பெனிக்குக் கைகொடுத்தது பெட்ரோல் கார் என்பது வரலாற்றின் குசும்பு: ஜார்ஜ் செல்டனின் பெட்ரோல் கார் காப்புரிமையை 1899-இல் வாங்கி வைத்திருந்தார்கள், மற்றவர்களிடமிருந்து அதற்கு ராயல்டி வந்தது. ஃபோர்டு வழக்காடி 1911-இல் அந்தக் காப்புரிமையிலிருந்து மீண்டார். ஆக, பொறுப்பு ஒரே கையில் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பைக் கணக்கிட்டுப் பார்க்கும் அளவுக்கு எல்லை குறுகியதாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர்ச்சான்று அதே ஹார்ட்ஃபோர்டில் இருக்கிறது. போப்பின் ஆலை மின்சார வண்டிகளைச் செய்து தள்ளிய அந்த ஊரின் மின்விநியோக நிறுவனம் ஹார்ட்ஃபோர்டு எலக்ட்ரிக் லைட் கம்பெனி. பகலும் மாலையும் அதன் மின்சாரத்துக்குக் கிராக்கி. நள்ளிரவுக்குப் பின் இயந்திரங்கள் வீணே சுழலும். இரவில் மின்சாரம் குடிக்கும் வாடிக்கையாளர் வேண்டும் என்றால் மின்சார லாரிதான். ஆனால் வியாபாரிகள் லாரி வாங்கத் தயங்கினார்கள். லாரி விலையில் பெரும்பங்கு பேட்டரி. அது எத்தனை வருடம் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கம்பெனி கண்ட தீர்வு 1910-இல் நடைமுறைக்கு வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக்கின் துணை நிறுவனமான ஜெனரல் வெஹிகிள் செய்த லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி மின் கம்பெனியுடையது. லாரியை நிறுத்தவும் பராமரிக்கவும் மாதம் ஒரு கட்டணம், ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கட்டணம். லாரியிலும் பேட்டரிப் பெட்டியிலும் விரைவாக மாற்றத் தோதான திருத்தங்கள் செய்யப்பட்டன. சார்ஜ் தீர்ந்தால் வந்து மாற்றிக்கொண்டு போகலாம்.

இந்த ஏற்பாடு 1924 வரை ஓடியது, மொத்தம் 60 லட்சம் மைலுக்கு மேல். பொறியியலாகப் பார்த்தால் நியூயார்க் கிரேனைவிட இதில் புதுமை குறைவு. கணக்குப் புத்தகத்தில்தான் புதுமை. பேட்டரி முதுமையடைந்தால் நட்டம் மின் கம்பெனிக்கு. அதனால் அதை ஒழுங்காகச் சார்ஜ் செய்யும் அக்கறையும் அதற்கே. ஓட்டுபவருக்கு மைலுக்கு இவ்வளவு என்ற எண் போதும், குதிரைக் கூலி மாதிரி. ஊரோ சின்னது. பால், ரொட்டி, மளிகைச் சரக்கு எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் போகும் என்பதும் தெரியும். ஆகவே எத்தனை உபரி பேட்டரி வேண்டும் என்பதை ஊகிக்காமலே சொல்லிவிடலாம். லாயக்காரர் திரும்பி வந்துவிட்டார், இந்த முறை மின் கம்பெனியின் வேடத்தில்.

'அப்படியானால் ஏன் 1924-இல் நின்றது, பெட்ரோல்தானே வென்றது?' என்று கேட்கலாம். வென்றது உண்மை. முதல் உலகப் போர் பெட்ரோல் லாரியை மொத்தமாகச் செய்யக் கற்றுக்கொடுத்தது, சாலைகள் ஊர் எல்லையைத் தாண்டி நீண்டன, நாற்பது ஐம்பது மைலில் திரும்பி வர வேண்டிய வண்டிக்கு அந்தச் சாலையில் வேலை இல்லை. தொழில்நுட்பம் ஒரு பொருட்டே இல்லை என்று வாதிடுவது அசட்டுத்தனம். ஆனால் என் கேள்வி மின்சாரம் ஏன் தோற்றது என்பதைப் பற்றியது அல்லவே. ஒரே ஈயம், ஒரே எடை, ஒரே தூரம். அதை வைத்துக்கொண்டு லண்டன் முயற்சி இரண்டே ஆண்டுகளில் கவிழ்ந்தது, ஹார்ட்ஃபோர்டு பதினான்கு ஆண்டுகள் நின்றது. இந்த வேறுபாட்டை வேதியியல் விளக்காது.

நமக்குப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு காத்மாண்டு. டீசல் விக்ரம் டெம்போக்களின் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நின்ற காலத்தில், 1993-இல், ஓர் அமெரிக்கத் தன்னார்வ நிறுவனம் அந்த டெம்போவின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரையும் ஈய பேட்டரிகளையும் பொருத்திக் காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் 'சஃபா டெம்போ' தனியார் தொழிலாக வளர்ந்தது. அறுநூறுக்கும் மேல் ஓடின, பெண்கள் பலர் ஓட்டினார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பேட்டரித் தொகுதி. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜ் நிலையத்தில் கிடக்கும். இயந்திரமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, எளிமையான, பழுதுபார்க்கத் தோதான மாடுலர் வண்டி. ஆனால் பேட்டரி பெரும்பாலும் வண்டிக்காரருடையது. சார்ஜ் செய்து மாற்றித் தருவதோடு நிலையத்தின் வேலை முடிந்தது. ஒன்றிரண்டு ஆண்டில் தொகுதி செத்தபோது புதியதுக்குக் கடன் தேடியவர் ஒற்றை வண்டி வைத்திருந்தவர். 1999-இல் அரசு டீசல் விக்ரம்களைப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றியது சஃபாவுக்குச் சாதகம்தான்; ஆனால் வரிச்சலுகையோடு வந்திறங்கிய மைக்ரோபஸ்கள் அந்தச் சாதகத்தைத் தின்றுவிட்டன. வரிக்கொள்கையின் பங்கை மறுக்க முடியாது. போட்டியைத் தாங்கும் தெம்பு ஏன் இல்லாமல் போனது என்பதற்கு மட்டும் அந்த பேட்டரிக் கடனைப் பார்த்தாக வேண்டும்.

இஸ்ரேலில் ஷாய் அகாசி 2007-இல் தொடங்கிய பெட்டர் பிளேஸ் இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை. பேட்டரி கம்பெனியுடையது, வாடிக்கையாளர் ஓடும் தூரத்துக்குச் சந்தா கட்டுவார், தேய்மானம் முழுவதும் கம்பெனி தலையில். ஹார்ட்ஃபோர்டு பாடத்தை அப்படியே படித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த நிலையங்களுக்குப் பொருந்தியது ரெனோவின் ஒரே ஒரு மாடல், ஃப்ளூயன்ஸ். ஒரு நாடு முழுவதற்கும் நிலையங்களைக் கட்டிவிட்டுக் கார் வருமென்று காத்திருந்தார்கள். சில நூறுகளில் வந்தது. சுமார் 85 கோடி டாலர் முதலீடு கரைந்து, 2013 மே மாதம் திவால் மனு. நியூயார்க் கம்பெனியும் இதுவும் ஒரே குழியில் விழுந்தன. பொறுப்பை ஏற்றார்கள், அதன் எல்லையை ஏற்கவில்லை. தைவானின் கோகோரோ ஸ்கூட்டர் பேட்டரிகள் நிலைத்ததற்குக் காரணம், சிறிய தீவில், ஒரே அளவுப் பெட்டியை யமஹா போன்ற போட்டியாளர்களின் ஸ்கூட்டருக்கும் திறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த வரலாற்றுக்குப் பின் இன்றைய 'மாடுலர்' என்ற சொல்லைக் கேட்டால் அதன் பொருள் இடம் மாறியிருப்பது புலப்படும். ஜெனரல் மோட்டார்ஸின் ஆட்டோனமி ஹைட்ரஜன் வண்டி என்றாலும், அதன் கனவு பழைய கோச் கட்டுபவர்களின் கனவு: அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு மேல்கூண்டை மாற்றிக்கொள்ளலாம். அந்த மூட்டு வாங்குபவருக்குத் திறக்கவே இல்லை. திறந்தது ஆலைக்குள். ஃபோக்ஸ்வாகன் 2019 நவம்பரில் ஸ்விக்காவ் ஆலையில் முதல் காரை இறக்கிய எம்.இ.பி. அடித்தளம், அதன் குழுமத்தின் பல பிராண்டுகளுக்கும் பொது. ஃபோர்டு கூட கொலோன் ஆலையில் அதன்மேல் கார் செய்கிறது. பி.ஒய்.டி. 2021-இல் மோட்டார், இன்வெர்ட்டர், சார்ஜர் உள்ளிட்ட எட்டுப் பாகங்களை ஒரே தொகுதியாக்கியது. பேட்டரியையே காரின் தரையாக ஒட்டிவிடும் முறைகள் அடுத்து வந்தன. செய்பவருக்குக் கூறு கூறாகவும் வாங்குபவருக்கு ஒரே பாளமாகவும் இருக்கும் பொருள் இது. பொறியாளர்களின் பதில் நியாயமானது: கழற்றும் பெட்டிக்குத் தனிச் சட்டம், தனிப் பூட்டு, தனிக் குளிரூட்டும் இணைப்பு வேண்டும், எல்லாமே எடை, ஒட்டிவிட்டால் கம்பி குறையும், இழப்பு குறையும், விலையும் குறையும். நம் ஓசூரில் தயாராகும் ஏதரும் டி.வி.எஸ். ஐக்யூபும் நிலையான பேட்டரியோடு வருவதற்கும் இதே நியாயம் உண்டு. பேட்டரி இல்லாமல் வண்டியை விற்கவும் பதிவு செய்யவும் மத்திய அரசு 2020 ஆகஸ்டில் அனுமதித்தது, நிதி ஆயோக் 2022 ஏப்ரலில் பேட்டரி மாற்றுக் கொள்கை வரைவை வெளியிட்டது. சந்தை பெருமளவில் அந்தத் திசையில் திரும்பவில்லை. ஒட்டிய பேட்டரியும் கிழடாகும் என்பதை மட்டும் எந்த ஒருங்கிணைப்பாலும் தடுக்க முடியாது. அதன் கணக்கைத் தீர்க்க வாரண்டி வந்தது, பரவலாக 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர். அண்மையில் மகிந்திரா போன்ற சிலர் வாழ்நாள் வாரண்டியே தருகிறார்கள், முதல் தனிநபர் உரிமையாளருக்கு மட்டும். வண்டி கைமாறும்போது பொறுப்பும் சுருங்குகிறது. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சர், கார் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று விலை வைத்தது. ஹார்ட்ஃபோர்டின் மைல் கட்டணம் திரும்பிவிட்டது, ஆனால் பேட்டரியைக் கழற்றாமலே. வேறுபாடும் உண்டு. அங்கே கட்டணம் வாங்கியவர் இரவில் பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றார், இங்கே கட்டணம் போகுமிடம் நிதி நிறுவனம்.

தமிழ்நாட்டுக்கு இந்த மூட்டு புதிதல்ல. கம்பெனியிடம் வெறும் சேசிஸ் வாங்கி, கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டிக்கொள்வது இங்கு ஒரு பெரிய தொழில். மின்சார பஸ்ஸோ பெரும்பாலும் பாடியோடு முழு வண்டியாகவே ஆலையை விட்டு வருகிறது. சேசிஸுக்கும் பாடிக்கும் இடையில் இருந்த மூட்டு மூடிக்கொள்கிறது, அதோடு பல பட்டறைகளின் வேலையும். ஆனால் இன்னொரு மூட்டு ஒப்பந்தத்தில் திறந்திருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகம் 120 தாழ்தள மின்சார பஸ்களை ஓட்டத் தொடங்கியது. பஸ் கழகத்தின் சொத்தல்ல. ஒப்பந்ததாரர் பஸ்ஸையும் டிரைவரையும் பராமரிப்பையும் தருகிறார், கழகம் கண்டக்டரைப் போட்டு, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தருகிறது. இது பின்வாசல் வழித் தனியார்மயம் என்ற தொழிற்சங்கங்களின் எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. டிரைவர் வேலை கழகத்தை விட்டுப் போவது கண்கூடு. எனினும், பேட்டரி மட்டும் ஒப்பந்ததாரரிடமும் பஸ்ஸும் டிரைவரும் கழகத்திடமும் இருக்கும்படி ஒப்பந்தத்தை வேறு விதமாக வெட்டவும் வழி உண்டு. ஹார்ட்ஃபோர்டில் லாரியும் லாரி டிரைவரும் வியாபாரியுடையவையாகவே இருந்தன.